டேங்குக்குக் கூலி

— அந்த மருந்து டேங்கை இறக்குடா! இறக்குடாங்கறேன்! ஒரு சொட்டு விழட்டும், கூடப் பொறந்தவன்னுகூடப் பார்க்க மாட்டேன்.

— அக்கா, காலங்காத்தால கத்தாதே. மிளகாச் செடியே மிரண்டு நிக்குது.

— இலையைத் திருப்பிப் பாரு. சிவப்பா, முதுகுல கறுப்புப் புள்ளி...

— பொறிவண்டு.

— பொறிவண்டேதான்! அசுவினிப் பூச்சியை நொறுக்குத்தீனி மாதிரி மேயுதுடா! நீ மருந்தடிச்சா முதல்ல சாகறது இதுங்கதான்.

— இதுங்க கூலி இல்லாம வேலை பார்த்தா என் பொழப்பு? டேங்கு காலியானாத்தான் எனக்குக் கூலி. பூச்சி செத்துச்சான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

— எனக்குக் கூலியே கிடையாதே! நிலம் முதலாளியோடது, பாடு என்னோடது, விளைஞ்சா பாதிப் பாதி. என் பாதியில நீயும் கூட்டு சேர்ந்துக்கோ. தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கறதுதான் உன் வேலை.

— சும்மா பார்க்கறதுக்குப் பங்கா? இப்படி ஒரு உத்தியோகம் இருக்குன்னு முன்னாடியே சொல்றதில்லையா?

— விளையாடாதடா. அதோ முதலாளியே வராரு. கேட்டுடுவோம்.

— டேய்! எங்கடா இருக்கே? உன்னைக் கட்டிப் பிடிக்கணும்போல இருக்குடா!

— வேணாங்க முதலாளி, மேலெல்லாம் சேறு.

— இருந்துட்டுப் போகட்டும்! பக்கத்துத் தோட்டக்காரன் அடி அடின்னு அடிக்கிறான், அவன் செடி சுருண்டு கிடக்கு. நம்ம தோட்டம் மொத்தமும் பளபளன்னு நிக்குது! இனிமே ரெண்டு மடங்கு அடி. டேங்குக் கூலியும் ரெண்டு மடங்கு!

— ஐயோ முதலாளி, இவன் இனிமே அடிக்க மாட்டான். இவன் என் கூட்டாளி!

— நீ இரும்மா. ஏன்டா, கொட்டகையில நான் வாங்கி வச்ச மருந்து டப்பா எல்லாம் சீல்கூட உடைக்காம கிடக்கு. அதைவிட ஒசத்தியா ஒண்ணைக் கண்டுபிடிச்சு நீயே கொண்டாந்து அடிச்சிருக்கே. என் தங்கம்! அது பேரு என்னடா?

— அக்கா, அந்தக் கூட்டு நிஜம்தானே?

— நிஜம்தான்டா. இப்ப எதுக்கு அது?

— ரெண்டு மடங்கை வேணாம்னு சொல்லப் போறேன், அதான் கேட்டுக்கிட்டேன்.

— என்னடா முணுமுணுக்கறே? மருந்துப் பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்!

— பேரெல்லாம் இல்லைங்க முதலாளி. நம்ம வாய்க்கால்லதான் மொண்டேன்.