மூக்கு வழியாக மட்டும்

— இல்லீங்க அம்மணி, நான் மூடிப்போட்டுத்தான் படுக்கறனுங்க. பொறவு அது எப்பத் தொறக்குதுன்னு எனக்கே தெரியறதில்லீங்க. பேருக்குத்தான் என்ற வாயி. என்ற பேச்சைக் கேக்கறதில்லீங்க.

— கதிரேசண்ணா, நான் உங்களைக் குத்தம் சொல்லலீங்ணா. உங்க மூச்சு மிசின்ல பதிவானதைப் படிக்கறேன், அவ்வளவுதான். இங்க ஸ்கிரீனைப் பாருங்க. பச்சையா இருக்கறது நீங்க மூக்குல மூச்சு விட்டுட்டுத் தூங்கின நேரம். செவப்பா இருக்கறது வாய் தொறந்துட்ட நேரம். மாஸ்க் உங்க மூக்குலதானே இருக்குது? வாய் தொறந்தா மூக்குல போற காத்தெல்லாம் அது வழியா வெளிய போயிரும். தொண்டை பழையபடி அடைச்சுக்கும்.

— பஞ்சருங்க. முப்பது வருசம் வண்டி ஓட்டறவனுக்கு இது புரியாதுங்களா? அடிக்க அடிக்க எறங்குது. அம்பத்திமூணு வயசு டயரு, அப்படித்தானுங்க இருக்கும்.

— ஏனுங்க, சித்த நேரம் கம்முனு இருங்க. சாஜிதா கண்ணு என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளுங்க.

— பாத்தீங்களா அம்மணி? ஊட்டுக்காரியும் அதையேதான் சொல்றா. கம்முனு இருக்கச் சொல்லி. இந்த வாய்க்கு எதிரா ஊரே ஒண்ணு சேந்துருச்சுங்க.

— ஒரு நிமிசம்ங்ணா. காலேஜுல குடுத்த கெடு இன்னைக்குத்தானே?

— இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிங்க. ‘இவர் இனி வண்டியில் தூங்கமாட்டார்’னு டாக்டர் எழுதின கடுதாசிய மேனேசர் மேசை மேல வெச்சுட்டா, திங்கக்கெழமை பஸ் சாவி என்ற கையில. இல்லீன்னா மாத்து டிரைவரு வம்சி பேருக்கே வண்டிய எழுதிருவாங்க. அவரும் நல்லாத்தான் ஓட்டறாரு. என்ன, வளைவுல வண்டி திரும்பறதுக்கு முன்னாடி அவரு திரும்பிருவாரு.

— டாக்டர் சீட்டுல ‘சிக்னலில் தூக்கம்’னு மட்டும்தான் இருக்குது. என்னதான் நடந்துச்சுங்ணா அன்னைக்கு?

— அதையுங்களா கேக்கறீங்க? அவிநாசி ரோட்டுல செவப்பு விழுந்துச்சு, நிறுத்தினேன். கண்ணை மூடித் தொறந்தனுங்க, அவ்வளவுதான். தொறந்தா, பின்னாடி நாப்பது புள்ளைங்களும் போன்ல என்னையப் படம் புடிச்சுட்டு இருக்குது. மூணு தடவை பச்சை வந்து போயிருச்சாமுங்க. கனிஷ்கான்னு ஒரு புள்ள, என்ற கொறட்டைக்குத் தாளம் போட்டு ஊரெல்லாம் அனுப்பி வெச்சிருச்சு. பொள்ளாச்சிச் சந்தையில மாட்டு ஏவாரி ஒருத்தரு போன்ல என்ற மச்சான் அதைக் கேட்டிருக்கறான். கேட்டதும் குரலு தெரிஞ்சு போச்சாமுங்க. சொந்தக்காரன் பாருங்க.

— நீயும் சிரிக்கறே பாரு கண்ணு. வண்டி நின்னுட்டு இருந்ததால எல்லாரும் சிரிக்கறாங்க. ஓடறப்போ வந்திருந்தா?

— அவ சொல்றது நெசந்தானுங்க. நின்ன வண்டியில வந்ததால நான் பாட்டுக்காரன். ஓடற வண்டியில வந்திருந்தா நாப்பது ஊட்ல எழவு. கடுதாசி இல்லாம நானே அந்த சீட்டுல ஏறமாட்டனுங்க. அதுல மட்டும் வெளையாட்டு இல்ல.

— அதனாலதான் நானும் பொய் எழுத முடியாதுங்கறேன். பதினொண்ணரைக்கு டாக்டர் வந்துருவாரு. நான் எழுதி வெக்கறதைப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவாரு. சரி, வாய்க்கு வருவோம். பகல்லயே மூக்குல மூச்சு விட்டுப் பழகச் சொன்னேனே, பழகினீங்களா?

— பழகினனுங்க. ஒரு வாய் தண்ணிய உள்ள வெச்சுட்டு, முழுங்காம, துப்பாம, வீதியில இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தேன். ரெண்டாவது நாளு எதுத்த ஊட்டு சின்னாத்தாள் ‘ஏனுங்க, சாப்புட்டீங்களா’ன்னு கேட்டுப்போட்டாங்க. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாமப் போக முடியுங்களா? ‘ஆச்சுங்க’ன்னேன். தண்ணி பூரா அவங்க சீலையில. அன்னையிலிருந்து என்னையக் கண்டா அவங்க வாயைத் தொறக்கறதில்ல. அவங்களுக்கு இப்ப மூக்குல நல்லாப் பழகிருச்சுங்க.

— பிளாஸ்திரி?

— அதையும் ஒட்டினனுங்க. காலையில பாத்தா பிளாஸ்திரி மீசையில தொங்குது. இழுத்தேன், பாதி மீசை அதோட வந்துருச்சு. ஒரு பக்கம் போலீசு, ஒரு பக்கம் திருடன். பத்து நாள் ஊருக்கு வலது பக்கத்தை மட்டும் காட்டிட்டுத் திரிஞ்சனுங்க.

— மொகம் பூரா மூடற பெரிய மாஸ்க் மொதல் நாளே எடுத்து வெச்சேன். அதுல வாய் தொறந்தாலும் ஒண்ணுமில்ல. மீசைய எடுக்கோணும்னதும் நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.

— கன்னம் வரைக்கும் மீசை இருந்தா ரப்பரு ஒட்டாதுன்னீங்க. மீசை இல்லாத கதிரேசனைக் காலேஜ் கேட்டுலயே உடமாட்டாங்க அம்மணி. அடையாள அட்டையில மீசையத்தான் போட்டோ புடிச்சிருக்குது. நான் அதுக்குப் பின்னாடி நிக்கறேன்.

— சரிங்ணா. தாடையச் சேத்துக் கட்டற பட்டி குடுத்தோமே, அதாச்சும் போட்டீங்களா?

— அதுதானுங்க பெரிய கூத்து. ராத்திரி கட்டிட்டுத்தான் படுக்கறேன். காலையில தலகாணிக்கு அடியில நாலா மடிச்சுக் கெடக்குது. தூக்கத்துல வாய்தான் கெட்டுப்போச்சுன்னா, இந்தக் கையும் அதோட கூட்டுச் சேந்துருச்சு. அதுவும் மடிச்சு வெக்கறதைப் பாருங்க. முழிச்சிருக்கறப்போ ஒரு துண்டை மடிச்சதில்லீங்க இந்தக் கை.

— நாலா மடிச்சுங்களா?

— இஸ்திரி போட்டாப்பலங்க.

— அக்கா?

— இங்க குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா கண்ணு?

— பாட்டில் உங்க பக்கத்துலயே இருக்குதுங்கக்கா. பட்டிய யாரு மடிச்சாங்க?

— நாந்தான் கண்ணு.

— நீயா புள்ள?

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வெள்ளைப் பட்டியில தாடையக் கட்டி, மூக்கை அடைச்சு, மல்லாக்கப் படுத்திருந்தா நான் என்னன்னு நெனைக்கறது? எங்கப்பனை அப்படித்தான் அனுப்பி வெச்சோம். மூக்குல பஞ்சு, தாடைக்குத் துணி. உங்களுக்குக் கால் கட்டைவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டாததுதான் பாக்கி. பாத்துட்டுப் பக்கத்துல படுக்க முடியலீங்க. கழட்டிப்போட்டேன்.

— அட மாரியாத்தா. நான் என்ற கையைத் திட்டாத திட்டெல்லாம் திட்டிட்டுக் கெடந்தேன். ஒரு நாள் சோத்துக் கையாச்சேன்னுகூடப் பாக்கலை.

— பட்டி போகட்டும்ங்ணா. அக்கா, இதைப் பாருங்க. போன வாரம் ஏழு நாளையும் எடுத்து வெச்சிருக்கேன். ஏழும் ஒரே மாதிரி. ஒண்ணு பத்து வரைக்கும் பச்சை. ஒண்ணு பத்துக்கு டக்குனு செவப்பு, ஒரு கால் மணி நேரத்துக்கு. மறுக்கா ரெண்டு நாப்பதுக்கு. மறுக்கா நாலுக்கு. தூக்கத்துல தானாத் தொறக்கற வாயி இப்படி மணி பாத்துத் தொறக்காதுங்கக்கா.

— டிரைவர் வாயில்லீங்களா அம்மணி. டைம் தவறாது. டவுன் பஸ்ஸுகூட இவ்வளவு கரெக்டா...

— ஏனுங்க, கம்முனு இருங்க. அதுவும் நாந்தான் கண்ணு.

— புரியலீங்கக்கா.

— நாந்தான் கூப்படறேன். ஒண்ணு பத்துக்கு ‘ஏனுங்க’ங்கறேன். அவரு தூக்கத்துலயே ‘ஏம்புள்ள’ங்கறாரு. ‘ஒண்ணுமில்ல, படுங்க’ங்கறேன். காலையில அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல.

— எதுக்குங்கக்கா கூப்படறீங்க?

— இருக்கறாரான்னு பாக்க.

— நான் எங்க புள்ள போவேன், குழாய மூக்குல மாட்டிட்டு?

— நீங்க பேசாதீங்க. கண்ணு, இருபத்தாறு வருசமா இவரு கொறட்டைக்குப் பக்கத்துல படுக்கறவ நான். அந்தக் கொறட்டை நடுவுல நிக்கும். நின்னா நான் எண்ண ஆரம்பிப்பேன். ஒருக்கா நாப்பது வரைக்கும் போயிருக்குது. அப்பறம் கொர்ருன்னு திரும்ப வரும். வந்தாத்தான் எனக்கு மூச்சு வரும். ரொம்ப நேரம் நிக்கறது இந்த மூணு நேரந்தான். எனக்கு அந்நேரத்துக்குத் தானா முழிப்பு வந்துரும். இப்ப மிசினு வந்துச்சு. கொறட்டையே இல்ல. நான் எண்ண ஆரம்பிச்சா எங்க கொண்டுபோய் நிறுத்தறது? முந்நூறு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல முடியலை, கூப்புட்டுப்போட்டேன்.

— என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?

— என்னன்னு சொல்றது? ‘செத்துட்டீங்களான்னு ராத்திரிக்கு மூணு தடவை கேக்கறேன்’னா? நீங்க அதை வெச்சும் சிரிப்பீங்க.

— சிரிச்சிருப்பேன். அதுஞ் செரிதான்.

— அக்கா, வாய் தொறக்காம மூக்குலயே ‘ம்’னு சொன்னா உங்களுக்குப் போதுங்களா? அண்ணா, சொல்லிக் காட்டுங்க.

— ம்.

— அந்த மிசினும் விடிய விடிய ம்முனுதான் கெடக்குது கண்ணு. எது இவரு, எது மிசினுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?

— கல்யாணம் ஆன புதுசுலயே ‘ம்’ சொல்லித்தானுங்க திட்டு வாங்கினேன். கட்டுத்தறியில மாடுதான் அப்படிச் சொல்லும்னா. இப்ப மிசினுன்னு ஒரு படி ஏத்தி விட்டிருக்கறா.

— அண்ணா, ஒரு வழி இருக்குதுங்ணா. அக்கா கூப்படறதாலதான் வாய் தொறக்குதுன்னு காமிச்சுட்டா, அது உங்க மூச்சுக் கோளாறு இல்லைன்னு ஆயிரும். நான் அப்படியே எழுதிருவேன். டாக்டர் இன்னைக்கே கடுதாசி குடுத்துருவாரு. இந்த மாசத்துல அக்கா ஊட்ல இல்லாத ராத்திரி ஏதாச்சும் இருக்குதுங்களா?

— இருக்குது கண்ணு. கொடுமுடியில என்ற தங்கச்சி பாப்பாயி மகளுக்குச் சீரு. பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு, மூணு ராத்திரியும் அங்கதான் இருந்தேன்.

— அந்த மூணு நாளும் நீங்க ஒண்டியாத்தான் படுத்தீங்களாண்ணா?

— நானும் ஒரு பல்லியும்ங்க. அது என்னையக் கூப்படற பழக்கமில்ல.

— அப்ப அந்த மூணு நாளும் பச்சையா இருந்தாப் போதும்ங்ணா. ஒரு நிமிசம். பழைய தேதிய எடுக்கறேன்.

— ஏதாச்சும் ஒரு சாமிய வேண்டிக்க புள்ள.

— வேண்டிட்டுத்தான் இருக்கறேன். நடுவுல பேசாதீங்க.

— பதினொண்ணாந்தேதி... வந்துருச்சு. ராத்திரி பத்தரைக்குப் போட்டிருக்கீங்க.

— என்னங்க அம்மணி, மொகம் மாறுது?

— செவப்புங்ணா. ஒண்ணு பத்து. ரெண்டு நாப்பது. நாலு. இருங்க, அடுத்த நாளைப் பாக்கறேன். அதேதான். பதிமூணும் அதேதாங்ணா.

— செரி, வுடுங்க. அப்ப இவ மேல தப்பில்ல. கடைசியில என்ற வாயேதான். ஆளில்லாத ஊட்லயும் உக்காந்து பேசியிருக்குது பாருங்க.

— நான் இதைத்தாங்ணா எழுதியாகோணும். கடுதாசி இன்னைக்குக் கெடைக்காது. பெரிய மாஸ்க் போட்டு ரெண்டு வாரம் பச்சை வந்தாத் தருவாரு. மனசு கஷ்டமா இருக்குதுங்ணா.

— உள்ளதை எழுதுங்க அம்மணி. நீங்க மாத்தி எழுதி நான் ஏறினா, அந்த நாப்பது புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது? மேனேசருகிட்ட ரெண்டு வாரம் சேத்துக் கேட்டுப் பாக்கறேன். தரலீன்னா வம்சி ஓட்டட்டும். பஸ்ஸு கழுவற வேலை இருந்தாக் குடுங்கன்னு நிக்கறேன். அதுல தூங்கினா மூஞ்சியில தண்ணி தெறிச்சு நானே எந்திரிச்சுக்குவேன்.

— மீசைங்ணா?

— எறக்கிப்போடலாமுங்க. எந்தக் கடையில எறக்கறதுன்னுதான் யோசிக்கறேன். தெரிஞ்ச கடையா இருந்தா அவரு அழுதுருவாரு. ஏனுங்க அம்மணி, அந்தப் பெரிய மாஸ்க்குல வாயைத் தொறந்து பேசலாமுங்களா? இவ கூப்படறது எப்படியும் நிக்காதுங்க.

— தாராளமாப் பேசலாம்ங்ணா, காத்து வெளிய போகாது. ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியலை. அக்கா கொடுமுடியில. ஊட்ல ஆருமில்ல. அதே ஒண்ணு பத்துக்கு நீங்க யாருக்குங்ணா வாயைத் தொறந்தீங்க?

— எனக்குத்தான் கண்ணு. அங்கயும் அந்நேரத்துக்கு முழிப்பு வந்து, பக்கத்துல படுத்திருக்கறது பாப்பாயின்னு தெரியாம, மூணு ராத்திரியும் ‘ஏனுங்க’ன்னு கூப்புட்டேன். பதிலே வரலீன்னு நெனச்சுட்டுத் தூங்காமக் கெடந்தேன். இங்க ஸ்கிரீன்ல வந்து கெடக்குது பாரு.