மிச்சமிருக்கும் ஐந்து டைல்ஸ்

உங்கள் அறைத் தரையில் வாசலிலிருந்து நான்காவது டைல்ஸ் அடியில் காலியாக இருக்கிறது, சார். நீங்கள் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் அது மட்டும் டொக்கென்று ஒலிக்கிறது. பதித்தவன் நடுவில் ஓர் உருண்டை கலவையை வைத்து, மேலே ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். இன்னும் ஆறு மாதத்தில் மூலை உடையும். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் படுகிறது, காதில் விழுகிறது, சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருடமாக நான் டைல்ஸ் பதிக்கிறேன். வெயில் இறங்காமலிருக்க மொட்டை மாடியில் பதிக்கும் வெள்ளை டைல்ஸிலிருந்து சமையலறை மேடை வரைக்கும் எல்லாம் செய்வேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பேன். இதுவரை ஒருவர்கூட என்னைத் திரும்பக் கூப்பிட்டு இது சரியில்லை என்று சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு எளிதாகப் புரியும்.

மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு என் மனைவிதான் அழைத்து வந்தாள், ஒரே மகள். கொஞ்சமும் மனம் தளராத ஆள். யாராவது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கிளச் போயிடுச்சு, பிரேக்கு நல்லாத்தான் இருக்கு" என்பார். என் வேலையையும் கிண்டல் செய்வார். மாப்பிள்ளை மனிதர்களைக்கூட நூல் பிடித்துத்தான் பார்ப்பார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. பகை இருந்ததா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். இல்லை. எனக்கு இருந்தது அருவருப்பு. அது வேறு.

காலையில் எழுந்ததும் தொண்டையைக் காறுவார். எங்கோ அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வருவார். வாஷ்பேசினில் துப்பிவிட்டு, குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அரைக்குவளை தண்ணீர் ஊற்றுவார். அது போகாது, குழாய் வாயில் தொங்கிக்கொண்டிருக்கும். பல்செட்டைக் கழற்றி நாங்கள் தண்ணீர் குடிக்கும் டம்ளரிலேயே போடுவார். மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலின் தோலை உரித்து உரித்துத் தரையில் போடுவார். நான் கைப்படப் பதித்த மாடி டைல்ஸில், காற்று வாங்கப் போகிறேன் என்று போய், தினமும் ஒரே இடத்தில் துப்பி வைப்பார். வெயிலில் அது ஓரம் காய்ந்து நடுவில் மட்டும் பளபளக்கும். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. அதைப் பார்த்ததிலிருந்து நான் முட்டை தொடவில்லை.

மனைவியிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நமக்கும் ஆகும் என்றாள். எனக்கு அப்படி ஆகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குளியலறைக்கு வருகிறேன். அவர் வந்த புதிதில், வழுக்கக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதால், சொரசொரப்பான டைல்ஸை நான்தான் பதித்தேன். சுவரில் எஃகுக் கைப்பிடியும் வைத்தேன். எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஆனால் சொரசொரப்பு என்றால் என்ன, சார்? ஆயிரம் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் அவருடைய சோப்பு, எண்ணெய், முடி, செத்த தோல் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பசையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டூத்பிரஷ்ஷால் நான் அதைச் சுரண்டுவேன். ஊறிய துணி நாற்றம் அடிக்கும். ஒரு நாள் பிரஷ்ஷில் ஒரு கால் நகம் வந்தது. மஞ்சளாக, கொழகொழவென்று, பாதி ஊறிப்போய். பதினோரு முறை கை கழுவினேன். பதினொன்றாவது முறை கழுவும்போது எனக்கு ஒரு தெளிவு வந்தது. சுத்தம் செய்து மாளாத இடத்தில் சுத்தம் செய்துகொண்டே இருப்பது முட்டாள்தனம்.

குளியலறைத் தரையை மாற்றலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். நான் கொண்டுவந்த டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வழுக்காதுல்ல?"

"புது ரகம். பாக்கத்தான் வழவழப்பு. தண்ணி பட்டா காலை அப்படியே புடிச்சுக்கும்."

அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவள் கொடுக்கும் மாத்திரையை நான் பெயர் கேட்டு விழுங்கியதில்லை. அதுபோல டைல்ஸ் விஷயத்தில் என் பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசியதில்லை. இருபது வருடத்துக் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

அவை சுவருக்கான டைல்ஸ். தரைக்கு யாரும் போட மாட்டார்கள். கண்ணாடி மாதிரிப் பூச்சு, அழுக்கு உட்கார இடமே கிடையாது. மெல்லியவை என்பதால் தரையில் போட்டால் விரிசல் விடும் என்பார்கள். கலவையை மூலைமுடுக்கெல்லாம் பரப்பி, பல் வைத்த கரண்டியால் சீப்பு போட்டு இழுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தால் விடாது. நான் அப்படித்தான் உட்கார வைத்தேன். மூன்று நாள் ஆனது.

தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் வாட்டம் கொடுப்போம். நான் வழக்கமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன். குழாயடியிலிருந்து, எதிர்மூலையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி இறக்கம். அந்த மூலையில்தான் துணி துவைக்கும் கல் இருக்கிறது. கைப்பிடியைக் கழற்றிவிட்டேன், மறுபடி மாட்டச் சுவரில் துளை போட்டால் அதிர்வில் தரையின் புது டைல்ஸ் தெறிக்கும். ரப்பர் செருப்பை வாசலிலேயே விடச் சொன்னேன், புதுத் தரையில் கறை படியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எந்த மேஸ்திரியை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். நாணயத்தால் தட்டிக் கேட்டேன், ஒன்றுகூடக் காலி இல்லை. பிறகு தரையில் சோப்புத் தண்ணீர் தெளித்து, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது குதிகாலை மட்டும் ஊன்றிப் பார்த்தேன். நான் நினைத்த வேகத்தில், நான் நினைத்த பக்கம் போனது. துடைத்துவிட்டு, இனிமேல் குளிக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மாமனார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மூஞ்சி தெரியுது மாப்பிள்ளை. ஷேவிங்கை இதுலயே பண்ணிக்கலாம் போல." பிறகு, "எனக்காகவா இவ்வளவு மெனக்கெட்டீங்க?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மூக்கையும் உறிஞ்சிக்கொண்டார்.

ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

முதல் எட்டு நாள் மனைவிதான் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டினாள். மகள் கையால் குளிப்பது அவருக்குக் கூச்சம். தனியாகக் குளிக்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. உங்கள் மாப்பிள்ளை உங்களுக்காகவே பார்த்துப் பார்த்துப் போட்ட தரை, சுவரைப் பிடிக்காமலே நடந்து பழகுங்கள் என்று அவளும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் காலை கடையில் சரக்கு வருகிறது என்று அவள் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து ரப்பர் சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, "போலாம், ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் சோப்புப் பெட்டி திறந்தது.

பிறகு அந்த ஓசை. முதலில் கல்லில், அடுத்து தரையில். கல்லில் பட்டதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரையில் பட்டது கனத்து, நிறைந்து ஒலித்தது. அடியில் கலவை முழுதாக நிரம்பிய டைல்ஸ் அப்படித்தான் ஒலிக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாப்பிள்ளை என்று இரண்டு முறை தெளிவாகக் கூப்பிட்டார். மூன்றாவது முறை முதல் எழுத்து மட்டும்தான் வந்தது. கூப்பிடுவது நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் அம்மணமாகக் கிடக்கும்போது உள்ளே போவது எனக்குச் சங்கடம்.

உள்ளே போனபோது ரத்தம் வாட்டம் பிடித்து நேராக ஜாலிக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒரு சொட்டு எங்கும் தேங்கவில்லை. ஆனால் டைல்ஸுக்கு இடையில் நான் அடைத்திருந்த வெள்ளைப் பசை சிவந்துவிட்டது. பசை அடைத்து ஒன்பது நாள்தான். அதில் கறை ஊறிக் காய்ந்தால் அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. அதனால் முதலில் அதைக் கழுவினேன். இரண்டு கோடுகள் அவர் தலைக்கு அடியில் இருந்தன. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேய்க்க வேண்டியிருந்தது. பார்த்துப் பதமாகத்தான் தூக்கினேன். மூச்சு இருந்தது. வாயோரம் நுரை கட்டி, உள்ளேயிருந்து ஏதோ புரண்டு வந்து என் மணிக்கட்டில் வழிந்தது. வெதுவெதுப்பாக, நூல் நூலாக. எனக்கு வாந்தி வந்துவிட்டது, சார். இதை மறைக்க வேண்டியதில்லை. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அரை மணி இல்லை. இருபத்தைந்து நிமிடம்.

சாவுக்கு வந்தவர்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கால் இழுத்துக்கொண்ட கிழவர், குளியலறை, வழுக்கல். நான் மாட்டிக்கொண்டது என் தொழில் பழக்கத்தால்தான். எந்த வீட்டில் வேலை செய்தாலும் அதே பெட்டியிலிருந்து ஐந்து டைல்ஸை எடுத்து வைத்துவிடுவேன். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. என் வீட்டிலும் கை தானாகவே ஐந்தை அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்துவிட்டது. பதினாறாம் நாள் அப்பாவின் துணிமணியை மேலே வைப்பதற்காக மனைவி ஏறினாள். மருந்துக்கடைக்காரி. எந்த அட்டையையும் திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் விட மாட்டாள். சுவருக்கு மட்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

ஒரு டைல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா?"

அந்த டைல்ஸின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தேன்.

"இல்ல, நீங்க பாக்காம போட்டுட்டீங்களா? ஆமான்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவள் கெஞ்சினாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவமானப்படுத்துகிறாள் என்றுதான் தோன்றியது.

"இருபத்தெட்டு வருஷத்துல நான் பாக்காம ஒரு டைல்ஸ்கூடப் போட்டதில்ல" என்றேன்.

அவள் அந்த டைல்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். இப்போது நீங்களும் அவளைப் போலவே நல்லெண்ணத்தில் ஒரு காகிதத்தை நீட்டுகிறீர்கள். படித்துப் பார்த்தேன். கவனக்குறைவால் தவறான டைல்ஸைப் பதித்துவிட்டேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் சின்னத் தண்டனையோடு போய்விடும் என்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஊரில் நாளைக்கு என்ன பேசுவார்கள்? சுவருக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்பார்கள். கவனக்குறைவு என்கிற அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள். தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்துதான் வாட்டம் கொடுத்தேன், சோதித்துப் பார்த்தேன், அவர் விழுவதற்காகத்தான் பதித்தேன் என்று எழுதுங்கள். இப்போதே போடுகிறேன். அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் துடைத்துக் கொடுங்கள், நீங்கள் முனையைக் கடிக்கிறீர்கள்.

சாட்சிக்கு என்று தரையைப் பெயர்ப்பீர்கள். ஜாலிப் பக்கமிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மற்றவை தெறிக்காது. ஐந்துக்கு மேல் எடுக்க வேண்டாம். பரணில் நான்கு இருக்கின்றன, உங்கள் மேசைமேல் இருப்பதைச் சேர்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். என் மனைவி இனி அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கப் போகிறாள். அவளுக்கும் இப்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறது, காலையில் தொண்டையைச் செருமுகிறாள். அந்த இடத்தில் வேறு எதையாவது ஒட்டுப்போட்டு அசிங்கப்படுத்திவிடாமல், அதே டைல்ஸையே பதிக்கச் சொல்லுங்கள்.