மேனேஜர் விழுங்கிய மாத்திரைகள்

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது, சிஸ்டர். தையல்காரனுக்குக் கூடவே வரும் குணம் அது. பேன்ட் வெட்டிய மிச்சத்தில் பாக்கெட் துணி எடுப்பேன். அதிலும் மிஞ்சியதைத் தலையணைக்குள் திணிப்பேன்.

நீங்கள் வாரா வாரம் கடைக்கு வந்து பார்த்த காலி மாத்திரை அட்டைகளில் ஒரு குளறுபடியும் இல்லை. உங்கள் வேலையை நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றே, வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தேன். துணித்தூசி அலர்ஜி என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். அப்புறம் யார் என் முன்னால் நின்று கழுத்தளவு கொடுப்பார்கள்? கழுத்தளவு எடுக்கும்போது இரண்டு பேர் மூச்சும் ஒன்றோடொன்று இடிக்கும். இருமல் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மரியாதை எனக்கு உண்டு.

இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. மாத்திரை மட்டும் வயிற்றைப் புரட்டியது. ஆறு மாதம் விடாமல் போட வேண்டும் என்று நீங்களும் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் நிறுத்திவிட்டேன். ஆனால் மாத்திரையைச் சாக்கடையில் எறிய மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் இரும ஆரம்பித்தான்.

மேனேஜர் என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் என் ஒன்பது வயது மகள். வேலை எதுவும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். பகலெல்லாம் தையல் மிஷினுக்கு அடியில், என் காலடியில் கிடப்பான். தூங்குவது அவள் கட்டிலில், அவள் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு.

அவன் இருமல் அப்படியே என் இருமல். யார் கொடுத்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒருவருக்குத் தைத்ததைப் பிரித்து இன்னொருவருக்குப் பிடித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் சகஜம். என் மாத்திரையை வெண்ணெய் தடவிய ரொட்டியில் சுருட்டி நீட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டு விழுங்கினான். மறந்துபோன நாளுக்கும் சேர்த்து மறுநாள் கொடுத்துவிடுவேன்.

இந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகுமே, அப்படிப் போகிறதா என்று கேட்பீர்கள். போகிறது என்பேன். அது பொய்யில்லை. கடை வாசல் தூணில் தினமும் போனது. மகள்கூட ஒருநாள் பார்த்துவிட்டு, "அப்பா, மேனேஜர் நமக்குத் தெரியாம ஜூஸ் குடிக்கிறான்பா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்படியும் அவன் துரும்பாக இளைத்தான். நாய் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது காசநோய்ங்க. நாய்க்கு இது பெரும்பாலும் மனுஷங்ககிட்டேருந்துதான் வரும். வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

"எதுக்கும் எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கோங்க. முக்கியமா குழந்தைக்கு."

தலையாட்டினேன். டெஸ்ட் என்று போனால் என் குட்டு உடைந்துவிடும், அதனால் யாரையும் அழைத்துப் போகவில்லை. வீட்டில் வேறு சொன்னேன். ஏதோ தெருநாயிடமிருந்து இவனுக்கு ஒட்டியிருக்கிறது, வைத்திருந்தால் நமக்கும் ஒட்டும் என்றேன். மேனேஜருக்கு ஊசி போட்டு முடித்துவிடக் கையெழுத்துப் போட்டதும் நான்தான், தலையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். என் உள்ளங்கையை நக்கினான். ரொட்டி இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மூன்று மாதம் கழித்து மகளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். அப்புறம் இருமல். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வழக்கமான மருந்து அவளுக்குக் கேட்கவில்லையாம், அரைகுறையாக மாத்திரை தின்ற யாரிடமிருந்தோ வந்த கிருமியாம். "பாழாப்போன நாய் என் புள்ளைய இப்படிப் பண்ணிடுச்சே" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் மறுக்கவில்லை. அரைகுறையாகத் தின்றவன் மேனேஜர்தானே. நான் நிறுத்தியதை முழுசாக நிறுத்தினேன்.

நேற்று மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மேனேஜர் வேணும்னே செஞ்சிருக்க மாட்டான்ல அப்பா?"

"மாட்டான்டா கண்ணு. வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்?"

"அப்ப அவனை நான் மன்னிச்சிட்டேன்."

அவளுக்குத் தங்கமான மனசு, சிஸ்டர். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாய்க்குட்டி வேண்டுமாம், வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இருமல் திரும்பிவிட்டதென்று நீங்களும் புது மாத்திரை கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள். ஒன்றுகூட வீணாகாது.