கெளுத்தியை ஒப்படைக்கிற நாள்

— மாடிப்படி மட்டும் ஏறவே கூடாதாம். கட்டில்லேருந்து குதிக்கவும் விடக் கூடாது. மத்தபடி டாக்டர் எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு. இந்தாங்க பூங்கொடி, நாய்ச் சங்கிலியப் பிடிங்க.

— நான் எதுக்கு முசே பிடிக்கணும்? இப்பத்தான் மீன வித்து முடிச்சுட்டு வர்றேன். கூடையக்கூட கழுவல.

— கூட்டிட்டுப் போகத்தான். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, எலும்பு சேந்துருச்சு. தொடைக்குள்ள அந்தப் பிளேட்டும் ஸ்குருவும் அப்படியே நிக்குது. வொலா, அவ்வளவுதான், கெளுத்தி இனிமே நோயாளி இல்ல. அவன் சாமானெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கேன். வழுக்காம இருக்க தரையில விரிச்ச சாக்கு, வயித்துக்கு அடியில குடுத்துத் தூக்குற துண்டு, தையல நக்காம இருக்க நான் வாளிய வெட்டிச் செஞ்ச கழுத்துப்பட்டை.

— வாளியுமா? அத மாட்டிக்கிட்டு இந்தக் கப்பித்தேன் பய செவுத்துல முட்டி முட்டி நடந்தத நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது.

— பாருங்க, கெளுத்தின்னாலும் திரும்புறான், கப்பித்தேன்னாலும் திரும்புறான்.

— தின்ன எது வந்தாலும் திரும்புவான். நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க, கோச்சுக்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுமே. கால நீட்டி மடக்கி விடுற பக்குவம் எனக்கு வராது.

— உங்களுக்கா வராது? நான் துண்டப் போட்டுத் தூக்குனா மூட்டை தூக்குற மாதிரி இருக்குன்னு என்னைத் திட்டுனது யாரு?

— பின்ன? பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவருன்னா நாய்க்குமா ‘ஆன், தே, ஆன், தே’ன்னு எண்ணுவாங்க? தையல் பிரிக்காத காலோட அது உங்களுக்கு சல்யூட் அடிக்காத குறைதான்.

— எண்ணுனதாலதான் நடை வந்துச்சு.

— நண்டப் பாத்துல்ல வந்துச்சு. தண்ணியில நீந்த விட்டா காலுக்குத் தெம்பு வரும்னு டாக்டர் சொல்லி, நீங்க கால்சட்டைய மடிச்சுக்கிட்டு, நான் சேலையத் தூக்கிச் செருவிக்கிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு கடல்ல நின்னோமே. கரையேறுனப்ப ஒரு நண்டு ஓடுச்சு. அதுவரைக்கும் தூக்கியே வச்சிருந்த கால அப்பத்தான் மண்ணுல ஊனுனான். நீங்க அழுதீங்க.

— உப்புத் தண்ணி தெறிச்சுச்சு.

— ஆமாமா, ஒரு கண்ணுல தெறிச்சு ரெண்டு கண்ணுலயும் வடிஞ்சுது.

— சரி, அழுதேன். அதுக்காக நானே வச்சுக்க முடியுமா? இருங்க, கடைசியா ஒரு தடவ எண்ணெய் தேச்சு உருவி விட்டுடுறேன். கெளுத்தி, படு. அப்படித்தான். பிரான்சுலேருந்து என் பொண்ணு மகாலி போன் மேல போன் போடுறா. அவ அம்மா போனதுலேருந்து, ‘ஏம்பா தனியா கெடக்குறீங்க, எங்களோட வந்து இருந்துடுங்க’ன்னு ஒரே பாட்டு. நாய்க்குக் கால் சேரட்டும், வர்றேன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன். இன்னைக்கு ஒப்படைச்சுடுறேன், டிக்கெட் போட்டுடுன்னு காலைல சொல்லிட்டேன்.

— அங்கயே இருக்கவா போறீங்க?

— மக கூப்புடுறா. பேத்தி இருக்கா. போகத்தானே வேணும்.

— போங்க. போறவர இருங்கன்னு சொல்ல நான் யாரு? ஆனா மனசுல பட்டதச் சொல்லிடுறேன் முசே. வாயில்லாத ஜீவன், அது காலையும் ஒட்ட வச்சு, உங்க பின்னாலயே சுத்தவும் வச்சு, அப்பறம் அடுத்தவ தலையில கட்டிட்டு ஏரோப்ளேன் ஏறுறது எனக்குப் பிடிக்கல. உங்கள நான் அப்படி நெனைக்கல.

— அடுத்தவ தலையிலயா? கோவப்பட வேண்டியது நான் பூங்கொடி. உங்க கஷ்டத்தச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு இத்தன நாளும் டாக்டர் செலவப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தெனம் முள்ளெடுத்த மீனும் கஞ்சியும் கொண்டு வர்றீங்க, மடியில வச்சு ஊட்டுறீங்க, கூட்டிட்டுப் போங்கன்னா மட்டும் பின்வாங்குறீங்க. லேசா நொண்டுதேன்னு வேணாங்குறீங்களா?

— நொண்டுனா எனக்கென்ன? மூணு காலாப் போயிருந்தாலும் எனக்கு இவன் இவன்தான். எங்க வீடு மாடியில, ஒத்த ரூமு. படி ஏணி கணக்கா இருக்கும். நானே கூடைய கீழ வச்சுட்டுத்தான் ஏறுறேன். படியேறக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே என் கையில சங்கிலியக் குடுத்தா எப்படி?

— அப்ப முன்னெல்லாம் இவன் எப்படி ஏறுனான்?

— எங்க?

— உங்க வீட்டுக்கு.

— இவன் எதுக்கு எங்க வீட்டுக்கு வரணும்?

— உங்க நாய் உங்க வீட்டுக்கு வராம எங்க போகும்?

— என் நாயா? என்ன முசே பேசுறீங்க? இது உங்க நாய்.

— எனக்கு நாயே கெடையாது.

— எனக்குந்தான் கெடையாது.

— பூங்கொடி, வெளையாடாதீங்க. காலைல எப்ப மார்க்கெட்டுப் பக்கம் வந்தாலும் இவன் உங்க கூடை பக்கத்துலதான் படுத்திருப்பான்.

— மீன் தலை போடுவேன், படுத்திருப்பான். காக்காய்க்கும்தான் போடுறேன், அதெல்லாம் என் காக்காயா? சாயங்காலமானா உங்க கேட்டுல வந்து நிப்பானே. நீங்க ரொட்டியப் பிச்சுக்கிட்டு பிரெஞ்சுல என்னமோ சொல்லுவீங்க, உக்காருவானே. நாம பேசுறது புரியாத சீமை நாய்னுல்ல நான் நெனச்சேன்.

— ரொட்டியக் காட்டுனா எந்த மொழியில சொன்னாலும் உக்காருவான்.

— அப்ப கப்பித்தேன்கிற பேரு?

— சும்மா கூப்புட்டது. கேப்டன் மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு வருவான். ஆனா நீங்க மீசையப் பாத்து கெளுத்தின்னு கூப்புட்டீங்க. சொந்தக்காரங்க வச்ச பேருதான் மரியாதைன்னு நானும் கெளுத்தின்னு மாத்திக்கிட்டேன்.

— நல்லா மாத்துனீங்க. நீங்க வச்ச பேராச்சேன்னு நான் நாக்கு சுளுக்கச் சுளுக்க கப்பித்தேன் பழகிக்கிட்டு இருந்தேன்.

— அன்னைக்கு லாரி அடிச்சப்ப, நீங்க நடு ரோட்டுல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதீங்களே. அப்படி அழுதா சொந்த நாய்னுதானே நெனைக்கத் தோணும்?

— நீங்க என்ன பண்ணீங்க? கோயிலுக்குப் போக உடுத்துன வெள்ளச் சட்டையோட, ரத்தமெல்லாம் வழிய வழிய, வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறுனீங்க. அப்படித் தூக்குனா வேற என்ன நெனைக்கிறது? தஞ்சாவூர் டாக்டர் கால எடுத்துடலாமான்னு கேட்டாரு, வேணாம், எப்படியாச்சும் ஒட்ட வைங்கன்னு சொல்லிட்டேன்னு வந்து சொன்னீங்களே, அப்ப நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தன் நாய்மேல ஒரு மனுசனுக்கு இவ்வளவு பாசமான்னு.

— உங்க நாய்க்குக் காலில்லன்னு உங்ககிட்ட எப்படி வந்து சொல்லுவேன்னுதான் ஒட்ட வைக்கச் சொன்னேன்.

— சிரிக்காதீங்க முசே. எனக்கும் சிரிப்பு வருது. சிரிச்சா அழுதுருவேன்.

— அப்ப கெளுத்தி யார் நாய்தான்?

— யார் நாயும் இல்ல. ரோட்டு நாய்.

— மெதுவாச் சொல்லுங்க, அவன் காது இந்தப் பக்கம்தான் இருக்கு.

— மெதுவாச் சொன்னா மட்டும் மாறிடுமா? நீங்க கதவப் பூட்டிட்டுப் போனா மறுபடியும் அதே ரோடு, அதே லாரி. முன்ன மாதிரி துள்ளிக் குதிச்சு ஒதுங்க இந்தக் கால் வளையாது. மார்க்கெட்டுல நாலு பேர்கிட்ட கேட்டுப் பாக்குறேன். கீழ் வீடா இருக்கணும். கால உருவி விடுற பொறுமை இருக்கணும். கடலுக்கும் கூட்டிட்டுப் போகணும்.

— கிடைப்பாங்களா?

— கிடைக்க மாட்டாங்க. உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொன்னேன்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து எனக்குச் சோறு எறங்கல. தட்டுல போட்டத அப்படியே மூடி வச்சுட்டேன். அவங்க நாய், குடுத்துத்தான் ஆகணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். இவன் மேல உள்ள ஆசைய அந்த ஒரு வார்த்தையில அடக்கி வச்சிருந்தேன்.

— நான் மட்டும் என்ன? அவரு நாய், என்னைக்கு இருந்தாலும் கூட்டிட்டுப் போயிடுவாருன்னு பயந்து பயந்துதான் ஊட்டுனேன். அதான் சங்கிலியப் பிடிக்கல. பிடிச்சா விட மனசு வராதுன்னு.

— போன் அடிக்குது பாருங்க. மகாலியாத்தான் இருக்கும். என் கை பூரா எண்ணெய். நீங்க அந்தப் பச்சைய அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்க.

— என்ன சொல்லப் போறீங்க?

— அமுக்குங்க, சொல்றேன்.

— அப்பா, மகாலி பேசுறேன். டிக்கெட் எடுக்கத்தான் உக்காந்திருக்கேன், உங்க வார்த்தைக்காகத்தான் நிக்குது. அந்த நாய அதோட சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சாச்சா?

— ஒப்படைச்சுட்டேம்மா. வாங்கிக்கிட்டதும் நான்தான்.