வெயில் பக்கத்து டயர்கள்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் கார் ஓட்டக் கழகத் தலைவர் அபூ தலால் அவர்களே! சகீர் பந்தயத் தடத்தின் வெயிலில் கொடியசைத்துத் தோள் நொந்த தோழர்களே! மகள் வளைவில் மறையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்ட தாய்மார்களே! மச்பூஸ் கறிச்சோற்றின் மணம் வந்த பிறகும் எழுந்து போகாத பொறுமைசாலிகளே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்!

இந்தக் கோப்பையைத் தந்தது எது? எஞ்சினா? இல்லை. என் துணிச்சலா? அதுவும் இல்லை. காற்று! கண்ணுக்குத் தெரியாத, கைக்குள் அடங்காத, ரப்பருக்குள் அடைபட்ட காற்று!

நாங்கள் கட்டிய பந்தயம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் மிஷ்அலின் பழைய வேகத்தை இன்று நான் முந்தாவிட்டால் என் கார் சாவி அவனுக்கு. முதல் ஓட்டத்திலேயே வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை மிதித்தால் இன்னும் இழுத்தது. காலையில் நானே அல்லவா காற்றழுத்தம் பார்த்தேன்? இடப்பக்க டயர்கள் கூடுதலாகக் காட்ட, இறக்கி, நான்கையும் சமமாக்கினேனே!

தடத்தை விட்டு வந்து நிறுத்தினால், ஸ்பேனரோடு நிற்கிறான் அண்ணன்.

"வீல் அலைன்மென்ட் போச்சுடி. நகரு, ரெண்டு திருகு திருகுறேன்."

"நேத்துதான் நூல் கட்டிச் சக்கரத்த நேர் பாத்து வச்சேன். தொட்டே, கைய ஒடிப்பேன்!"

"அப்ப சாவியக் குடு. கீசெயின்கூட வாங்கி வச்சுட்டேன்!"

சிரிக்காதே மிஷ்அல், நீ தோற்கும் இடம் இனிமேல்தான் வருகிறது!

வண்டியின் வலப்பக்கம் நாற்காலி போட்டு அம்மா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"யும்மா, அந்தப் பக்கம் போய் உக்காருங்க, வழியில இருக்கீங்க."

"காலையில அந்தப் பக்கம் உக்காந்து வெந்தது போதும். நெழல் இங்கதான். உங்கண்ணன அங்க நிக்க வை, கொஞ்சம் வேகட்டும்!"

வெந்தது அம்மா மட்டுமா? காலையில் இதே இடத்தில் நின்ற வண்டியின் இடப்பக்க டயர்களும்தான்! வெயிலில் விரிந்த காற்றை மிகுதி என்றெண்ணி இறக்கிவிட்டேன். ஓடுபாதையில் நான்கும் ஒன்றாகச் சூடேறியதும் இடப்பக்கம் மெலிந்து போனது. ஓடி வந்த சூட்டிலேயே அளந்தேன், இடப்பக்கம் குறைவு! காற்றடித்தேன், சமமாக்கினேன், பறந்தேன், அண்ணனின் வேகத்தை முந்தினேன்! பிரேக்கிட்டால் நேராக நின்றது. கடைசி வளைவில் நான் பாடியது பார்வையாளர் மாடம் வரை கேட்டதாமே!

வெயிலில் பிறந்தவர்கள் நாம்! காருக்கு நிழல் தேடுகிறோம், ஸ்டீயரிங்கைத் துணி சுற்றிப் பிடிக்கிறோம். டயருக்கும் சுடும் என்பதை மறக்கலாமா? வண்டி இழுத்தால் உடனே திருகாதீர்கள்! அளந்து பாருங்கள்! ஓடி வந்த சூட்டில் அளந்து பாருங்கள்!

இதோ, என் சாவி. இதில் தொங்குவது அண்ணன் வாங்கிய கீசெயின். என்ன மிஷ்அல்? என் வண்டியை ஓட்டிப்போகும் நம்பிக்கையில் உன் வண்டியைக் கொண்டுவரவில்லையா? பின்சீட்டில் ஏறிக்கொள், முன்சீட்டு அம்மாவுக்கு.

கேட்டவர்களுக்கு நன்றி, கைதட்டியவர்களுக்கு இருமடங்கு நன்றி. சோறு ஆறுமுன் எழுந்திருங்கள், இனிய இரவாகட்டும்!