ஹெட்போனில் மட்டும் கேட்டது

"...ரெண்டு காதையும் மெத்தை மாதிரி மூடிக்கிருது. வீட்டுச் சத்தம் ஒண்ணும் கேக்கல. ஒங்க அண்ணன் என் நடுமண்டைக்குள்ள உக்காந்து பேசுறாரு."

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள். மண்டைக்குள் ஆளை உட்கார வைத்த பேச்சை நான் அன்றுதான் கேட்டேன்.

"துபாய்ல இருந்து அண்ணன் பேசி அனுப்புன கேசட்ட நாங்களுந்தான கேட்டோம் மதினி. நல்லாருக்கேன், ஒன் கல்யாணத்துக்காக இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன்னுச்சு. இதுல திரும்பத் திரும்பக் கேக்க என்ன இருக்கு?"

"நீங்க டேப்ரிக்கார்டர்ல சத்தமா வச்சுக் கேட்டீங்க. அவர் அனுப்புன ஹெட்போன்ல கேட்டா, ரெண்டு வருசம்னு சொல்லுமுன்ன எச்சி முழுங்குறது தெரியுது. பொறகு பேச்சில்ல, வெறும் மூச்சு. கண்ண மூடி அதத்தான் கேட்டுக்கிட்டே கெடக்கேன். அழுகைய அடக்குற மூச்சுத்தான் அது."

நாத்தனார் தன் மடியிலிருந்த, துபாய்க்கு அனுப்ப வேண்டிய பதில் கேசட் பார்சலைப் பார்த்தாள்.

"இதுல அம்மா, இருந்துட்டே வாய்யான்னுல்ல பேசியிருக்கு. தல்லாகுளத்துல தபால்ல போட வேணாம் மதினி. எனக்குக் கல்யாணம் மெதுவா நடக்கட்டும். அண்ணன வரச் சொல்லி நாம பேசி அனுப்புவோம்."

தல்லாகுளம் வந்தும் மதினிக்காரி எழுந்திருக்கவில்லை. நாத்தனாரிடமிருந்து பார்சலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போக இரண்டு டிக்கெட் கேட்டாள்.