வரிசைக்குள் போன கட்டளைக் கோப்பு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் கணினி மைய இயக்குநர் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் முதியோர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஆற்றோர மருத்துவமனையின் தலைமைச் செவிலி பேசுகிறேன். இரண்டே வார்த்தையில் முடிப்பதாகச் சொல்ல மாட்டேன். சொன்னவர்களில் யார் முடித்திருக்கிறார்கள்?

சிரியுங்கள். வெள்ளம் வந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தங்கை, மழையைக் கொண்டு வெள்ளத்தைக் கணக்கிடுபவள். அவள் வேலை பார்க்கும் இந்தக் கணினி மையத்தில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒன்றாய் உழைக்கின்றன. எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்பதை ஒரு நிரல் வரிசைப்படுத்துகிறது. எந்த மழை அளவை எடுப்பது, எப்படிக் கணக்கிடுவது என்று எழுதிய கட்டளைக் கோப்பை அதனிடம் ஒப்படைத்தாள். முடிவு வந்தது: மருத்துவமனைத் தெருவுக்குத் தண்ணீர் வராது! என் வயிற்றில் பால் வார்த்தது அந்தச் செய்தி. வார்த்த பால் ஆறுவதற்குள் தொலைபேசி அலறியது.

“அக்கா, அந்த முடிவை நம்பாத!”

“ஏன்டி, நீதானே வராதுன்னு சொன்ன?”

“கோப்புல நேத்து மழையை எடுத்துட்டு இன்னிக்கு மழையைப் போட்டேன். ஆனா மாத்திட்டு அனுப்பினேனா, அனுப்பிட்டு மாத்தினேனா? ஞாபகமே வரலக்கா!”

திறந்து பார்த்தால் தெரியாதா என்கிறீர்களா, பெரியவரே? நானும் அதையேதான் கேட்டேன். அவள் கையிலிருந்த கோப்பில் இன்றைய மழைதான் இருந்தது. ஆனால் ஒப்படைத்த நொடியிலேயே அந்த நிரல் தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். கணக்கு ஓடுவது அந்த நகலை வைத்துத்தான்! பிறகு நாம் எதைத் திருத்தினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. வேலை முடிந்த சற்று நேரத்தில் அந்த நகலையும் அழித்துவிடும். மறுபடி கணக்கிடலாம், ஆனால் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கீழ்த்தளத்தில் பிரசவ வார்டு. லிஃப்ட் ஓடவில்லை. பிள்ளை பெற்றவர்களை மாடிக்குத் தூக்கினால் தையல் பிரியலாம், தூக்காவிட்டால்? கைபேசியைக் காதோடு அழுத்தி நின்றேன். மறுமுனையில் விசைப்பலகை படபடத்தது. மையத்தின் பராமரிப்பாளர் பதறுவது கேட்டது: “வேலை எண்ணைச் சொல்லுங்க, சீக்கிரம்! இருக்கு, இன்னும் அழியல... எடுத்துட்டேன், படிச்சுப் பாருங்க!”

பிறகு என் தங்கையின் அழுகை.

“நேத்து மழைக்கா! நான் குடுத்தது நேத்து மழை! இன்னிக்கு அதைவிட அதிகமாக் கொட்டுது! எல்லாரையும் மேல ஏத்திடு!”

ஏற்றினோம்! யார் ஏற்றியது? லாரி ஓட்டுநர் ஏற்றினார். மருந்துக்கடைக்காரர் ஏற்றினார். மருமகளைப் பார்க்க வந்த மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்றினார். கடைசித் தாயை மாடியில் கிடத்தியபோது வாசலின் மிதியடி மிதந்துகொண்டிருந்தது. மாலைக்குள் கீழே கட்டில்கள் முழுகின. ஓர் உயிர், ஒரே ஓர் உயிர்கூடப் போகவில்லை!

“தப்புப் பண்ணினவளுக்குப் பாராட்டா?” என்று முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தப்பு யாருக்கு நேராது, ஐயா? ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று அவள் சும்மா இருந்திருக்கலாமே! கையிலிருப்பதைக் கண்டு சமாதானமாகாமல், கொடுத்தது எது, கொடுத்தது எது என்று பதறித் தேடினாளே, அந்தப் பதற்றமல்லவா எங்களைக் கரைசேர்த்தது! தலைவர் அவர்களே, வேலை முடிந்த பிறகும் அந்த நகல்கள் அழியாமலிருக்க ஏற்பாடு செய்யுங்கள். தலையை ஆட்டினால் போதாது, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்!

“செஞ்சிடறோம்மா.”

கேட்டீர்களா? நன்றி.

தாய்மார்களே, அன்று மாடியேறிய பிள்ளைகளைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள். கடைசி வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள் என் தங்கை. அவள் பார்க்கட்டும்.

செவி தந்த அனைவருக்கும் நன்றி. தோள் தந்த அனைவருக்கும் என் வணக்கம்!